ஓர் ஊரின் ஊற்றில் மட்டும் வாழும் இனம்: மத்தியதரைக் கடல் கிராமங்களின் குட்டி நத்தைகள்

கிரீஸின் நடுப்பகுதியில், பர்னாசஸ் மலைச் சரிவில் எப்தாலோஃபோஸ் என்றொரு சிற்றூர் இருக்கிறது. சுற்றிலும் ஃபிர் மரக் காடு. ஊருக்குள்ளேயே அருவி விழுகிறது. இந்த ஊரின் பெயரை ஒரு நத்தையும் சுமக்கிறது: டாஃப்னியோலா எப்தாலோஃபோஸ். 2011இல் கனெல்லா ராதேயா என்ற கிரேக்க ஆய்வாளர் பர்னாசஸ் மலையிலிருந்து அதைப் புதிய இனமாக விவரித்தார். கடுகளவு உயிர். ஓடு வெளிச்சம் ஊடுருவும் அளவுக்கு மெல்லியது, கூம்பாக உயராமல் தட்டையாகச் சுருண்டிருக்கும். அதற்குள்ளே கருஞ்சாம்பல் நிற உடல்.

இதைக் கேட்டதும் ஒரு சந்தேகம் வருவது இயல்பு. ஒரு மலையில் கிடைத்த நத்தை பக்கத்து மலையில் இல்லாமலா போகும்? யாரும் சரியாகத் தேடியிருக்க மாட்டார்கள், அவ்வளவுதானே? நிறைய உயிரினங்களின் விஷயத்தில் இந்தச் சந்தேகம் நியாயமானது. ஊற்று நத்தைகளின் விஷயத்தில் பெரும்பாலும் அப்படி இல்லை. ஆய்வாளர்கள் தேடித்தான் இருக்கிறார்கள். தேடத் தேடக் கிடைத்தது, ஒவ்வொரு பகுதி ஊற்றிலும் கொஞ்சம் வேறுபட்ட இன்னொரு நத்தை.

ஓர் இனம் உலகத்தில் ஒரு குறிப்பிட்ட பகுதியில் மட்டும் இருந்தால் அதை ஓரிடவாழ்வி என்கிறோம். சில ஓரிடவாழ்விகளுக்கு அந்த ‘ஓரிடம்’ ஒரு நாடாகவோ மலைத்தொடராகவோ இருக்கும். இந்த நத்தைகளில் பலவற்றுக்கு அது ஒரே ஒரு ஊற்று, அல்லது அருகருகே உள்ள சில ஊற்றுகள். ஒரு கிராமத்துக் குடிநீர்த் தொட்டிக்குப் பின்னால், சில மீட்டர் நீளத்துக்கு ஓடும் தண்ணீரில் ஓர் இனத்தின் மொத்த உலகமும் அடங்கிவிடலாம். அது எப்படி நடந்தது, அதற்கும் அந்த ஊர்க்காரர்களுக்கும் என்ன உறவு என்பதைத்தான் இந்தக் கட்டுரை சொல்லப் பார்க்கிறது.

முதலில் நத்தையைத் தெரிந்துகொள்வோம்

நாம் பேசப்போகும் நத்தைகளில் பெரும்பாலானவை ஹைட்ரோபிடே என்ற குடும்பத்தைச் சேர்ந்தவை. இவற்றின் ஓடு பெரும்பாலும் 1 மில்லிமீட்டரிலிருந்து 5 மில்லிமீட்டருக்குள் இருக்கும். மழை விட்டதும் தோட்டத்துச் சுவரில் ஏறும் நத்தைக்கும் இவற்றுக்கும் உறவு ரொம்பத் தூரம். தோட்டத்து நத்தை காற்றைச் சுவாசிக்கும். இவற்றுக்கு மீன்களைப் போலச் செவுள் உண்டு; தண்ணீரில் கரைந்த ஆக்சிஜனைத்தான் எடுத்துக்கொள்ளும். தோட்டத்து நத்தை ஒரே உடலில் ஆணும் பெண்ணுமாக இருக்கும். இவற்றில் ஆண் தனி, பெண் தனி. உடலின் பின்பக்கத்தில் ஒரு சின்ன மூடியும் உண்டு. ஆபத்து என்றால் உடலை உள்ளே இழுத்து, ஓட்டின் வாயை அந்த மூடியால் அடைத்துக்கொள்ளும்.

சாப்பாடு எளிமையானது. நீரில் கிடக்கும் கல், இலை, பாசித் தண்டு ஆகியவற்றின் மேல் கொழகொழவென்று ஒரு மெல்லிய படலம் படியும். பாக்டீரியா, நுண்பாசி, மக்கிய துகள் எல்லாம் கலந்த படலம் அது. நத்தையின் நாக்கில் வரிசை வரிசையாக நுண்ணிய பற்கள் இருக்கும். அந்த நாக்கால் படலத்தைச் சுரண்டித் தின்னும். கல்லைக் கையில் எடுத்தால் அடிப்பக்கம் வழுக்குவதற்குப் பதில் கொஞ்சம் சுத்தமாக இருக்கிறதென்றால், அதில் இவற்றின் உழைப்பும் இருக்கலாம்.

இனப்பெருக்கத்தைக் கொஞ்சம் கவனமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் ஓரிடவாழ்வி ஆகும் கதை இங்கேதான் ஆரம்பிக்கிறது. கடலில் வாழும் பல நத்தைகளின் குஞ்சுகள் நீரில் மிதந்து திரியும் பருவம் ஒன்றைக் கடக்கும். நீரோட்டம் அவற்றை எங்கெங்கோ கொண்டுபோகும். ஊற்று நத்தைகளில் பெரும்பாலானவற்றுக்கு அந்தப் பருவமே இல்லை. தாய் கல்லின் மேலோ, சில சமயம் இன்னொரு நத்தையின் ஓட்டின் மேலோ முட்டையை ஒட்டிவிடும். அதிலிருந்து நேரே ஒரு குட்டி நத்தைதான் வெளியே வரும். அது பிறந்த கல்லிலேயே மேயத் தொடங்கும். பல இனங்களுக்கு ஆயுள் ஓராண்டு அல்லது அதற்குச் சற்று மேல்.

ஊர்ந்து எங்காவது போக முடியாதா? போகலாம். ஆனால் ஊற்றை விட்டு இறங்க இறங்கத் தண்ணீரின் குணம் மாறுகிறது. ஊற்று வாயில் நீர் கோடையிலும் குளிர்காலத்திலும் ஏறக்குறைய ஒரே வெப்பநிலையில் வருகிறது, பொதுவாக அந்த இடத்தின் ஆண்டுச் சராசரிக்கு அருகில். நிலத்தடியில் மாதக்கணக்கில், சில இடங்களில் ஆண்டுக்கணக்கில் இருந்துவிட்டு வருவதால் மேலே அடிக்கும் வெயிலோ பனியோ அதைப் பெரிதாகத் தொடுவதில்லை. சில நூறு மீட்டர் கீழே அதே ஓடை கோடையில் சூடாகிறது, மழையில் கலங்குகிறது, வறட்சியில் காய்கிறது. ஊற்று நீருக்குப் பழகிப்போன நத்தைக்கு அந்தக் கீழ் ஓடை கடக்க முடியாத வெளி. நிலத்தில் ஊர்ந்து அடுத்த ஊற்றுக்குப் போகவும் முடியாது. செவுள் காய்ந்தால் சாவுதான்.

பறவையின் கால் சேற்றில் ஒட்டி இன்னொரு ஊற்றுக்குப் போவது எப்போதாவது நடக்கும். வெள்ளம் அடித்துக்கொண்டு போவதும் உண்டு. ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் ஒரு முறை, இரு முறை நடந்தாலே ஒரு நத்தை புதிய இடத்தில் குடியேறிவிடும். ஆனால் அடிக்கடி நடப்பதில்லை. அதனால் போன இடத்தில் தனியாகவே பெருகி, தனியாகவே மாறி, போதுமான காலம் கழிந்தால் வேறு இனமாகிவிடுகிறது.

சுண்ணாம்புக்கல் மலைகள்

சரி, இது ஏன் மத்தியதரைக் கடலைச் சுற்றி இவ்வளவு அதிகமாக நடந்திருக்கிறது? பதில் தரைக்கு அடியில் இருக்கிறது.

ஸ்பெயினின் தெற்கிலிருந்து பிரான்ஸ், இத்தாலி, குரோஷியா, கிரீஸ், துருக்கி வரை பரந்த பகுதிகளில் மலை என்றால் சுண்ணாம்புக்கல் மலை. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாகிறது. அது சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளில் இறங்கி, கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கிறது. மயிரிழை வெடிப்பு குழாயாகிறது, குழாய் குகையாகிறது. இப்படிப்பட்ட நிலத்துக்குக் கார்ஸ்ட் என்று பெயர். ஸ்லோவேனியாவும் இத்தாலியும் சந்திக்கும் இடத்திலுள்ள ஒரு பீடபூமியின் பெயரிலிருந்து வந்தது.

கார்ஸ்ட் நாட்டில் மழை நன்றாகப் பெய்தாலும் மலைமேல் தண்ணீர் நிற்காது. எல்லாம் உள்ளே போய்விடும். உள்ளே ஓடும் நீர், களிமண் கலந்த நீர் புகாத அடுக்கு ஒன்றில் முட்டும்போது பக்கவாட்டில் வழி தேடி வெளியே பாய்கிறது. அதுதான் ஊற்று. பல மலைகளில் சுண்ணாம்புக்கல்லும் அந்தக் களி அடுக்கும் சந்திக்கும் கோட்டிலேயே ஊற்றுகள் வரிசையாக இருக்கும். கிராமங்களும் அதே கோட்டில் வரிசையாக இருக்கும். இது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். மனிதர்களும் நத்தைகளும் ஒரே காரணத்துக்காக ஒரே இடத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்: மழையில்லாத ஆகஸ்ட் மாதத்திலும் அங்கே தண்ணீர் வரும்.

ஓடு கட்டச் சுண்ணாம்பு வேண்டும். அது இந்த நீரில் தாராளமாகக் கரைந்திருக்கிறது. ஊற்றுக்கும் ஊற்றுக்கும் நடுவே வறண்ட பாறை. கடல் நடுவே தீவுகள் இருப்பதைப் போல, வறண்ட மலைகளின் நடுவே இந்த ஊற்றுகள் தனித்தனியாகக் கிடக்கின்றன. அதோடு இந்த நிலப்பகுதிக்கு அமைதியற்ற பழைய வரலாறும் உண்டு. மலைகள் எழுந்தன, நிலம் உடைந்து தீவுகளானது. ஏறக்குறைய 59 லட்சம் ஆண்டுகளுக்கு முன் அட்லாண்டிக் கடலோடு இருந்த தொடர்பு அடைபட்டு மத்தியதரைக் கடலே பெருமளவு வற்றியது. சுமார் 53 லட்சம் ஆண்டுகளுக்கு முன் மறுபடி நிரம்பியது. ஒன்றாக இருந்த நீர்வழிகள் பிரிந்தன, பிரிந்திருந்தவை சேர்ந்தன. பனியுகங்களிலும் வட ஐரோப்பாவைப் போலத் தெற்கு முழுதும் பனிப்பாளத்தின் கீழ் புதையவில்லை. பழைய உயிர்கள் பிழைத்திருக்கவும், பிரிந்து புதியவை ஆகவும் இங்கே நேரமும் இருந்தது, இடமும் இருந்தது.

சில இனங்கள் ஊற்றுக்குள்ளே இன்னும் ஆழத்துக்குப் போய்விட்டன. நிலத்தடிக் குழாய்களின் இருட்டில் வாழும் நத்தைகளுக்குக் கண்ணும் நிறமும் மங்கியோ மறைந்தோ போயிருக்கும். பெரும்பாலும் அவற்றின் வெற்று ஓடுகள் மட்டும் ஊற்று நீரோடு வெளியே வந்து விழும். ஆய்வாளர்கள் ஊற்று வாயில் மெல்லிய வலையைக் கட்டி வைத்து அவற்றைச் சேகரிக்கிறார்கள். பிரான்சின் தெற்கில் மோன்பெலியே நகருக்குக் குடிநீர் தரும் லெஸ் ஊற்று இப்படிப்பட்ட நிலத்தடி உயிரினங்களுக்குப் பேர்போனது.

ஊற்றும் ஊரும்

கிரேக்கக் கிராமம் ஒன்றைக் கற்பனை செய்துகொள்ள வேண்டுமென்றால் இப்படிப் பாருங்கள். நடுவில் ஒரு சதுக்கம். அதில் ஒரு பெரிய பிளேன் மரம், அதன் நிழலில் காபிக்கடை நாற்காலிகள். பக்கத்தில் கல்லால் கட்டிய நீர்வாய். அதிலிருந்து இரவும் பகலும் தண்ணீர் விழுந்துகொண்டே இருக்கும். கொஞ்சம் தள்ளி ஆடு, கழுதை குடிக்க ஒரு தொட்டி. ஊற்றுக்கு அருகில் பல இடங்களில் ஒரு சிறு தேவாலயமும் இருக்கும். உயிர் தரும் ஊற்று என்ற பெயரில் மாதாவுக்கு எழுப்பிய கோயில்கள் கிரீஸ் முழுதும் உண்டு, ஈஸ்டரை அடுத்த வெள்ளிக்கிழமை அவற்றுக்குத் திருநாள். பிரான்சிலும் ஸ்பெயினிலும் தேவாலயத்தோடு பொதுத் துணி துவைக்கும் மண்டபத்தையும் பார்க்கலாம். பிரான்சில் 1851இல் அரசே சட்டம் போட்டு இவற்றைக் கட்டப் பணம் ஒதுக்கியது.

நத்தைக்கு இதெல்லாம் எப்படி? பழைய கல் கட்டுமானம் பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளக்கூடியதாகத்தான் இருந்தது. கல்லிடுக்கில் தண்ணீர் கசிந்தது, தொட்டி நிரம்பி வழிந்தது, வழிந்த நீர் பாசியும் கூழாங்கல்லுமாக ஓடையில் சேர்ந்தது. நத்தை அந்த வழிதலில் வாழ்ந்தது. ஏதென்ஸுக்குப் பக்கத்திலேயே இதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது. ஹிமெட்டஸ் மலையடிவாரத்தில் கெசரியானி மடாலயம். 11ஆம் நூற்றாண்டில் கட்டியது. ஆட்டுத்தலை வடிவில் செதுக்கிய கல்வாயிலிருந்து அங்கே ஊற்று நீர் விழும். ஏதென்ஸ் மக்கள் தலைமுறை தலைமுறையாகக் குடித்த தண்ணீர். போலந்திலிருந்து வந்த ஆந்திரே ஃபல்னியோவ்ஸ்கி, மக்தலேனா ஷரோவ்ஸ்கா ஆகிய இரு ஆய்வாளர்கள் 2000இல் கெசரியானியிலிருந்து டாஃப்னியோலா லூயிசி என்ற புதிய நத்தை இனத்தை விவரித்தார்கள். எப்தாலோஃபோஸ் நத்தைக்கு நெருங்கிய சொந்தம். ஐரோப்பாவின் மிகப் பழைய நகரங்களில் ஒன்றின் ஓரத்தில், எண்ணற்ற பேர் குடம் நிரப்பிய இடத்தில், 2000ஆம் ஆண்டு வரை பெயரில்லாமல் ஓர் உயிர் இருந்திருக்கிறது. இதே பேரினத்தின், அதாவது டாஃப்னியோலா என்ற நெருங்கிய இனங்களின் தொகுதியின், இன்னொரு நத்தை, டாஃப்னியோலா எக்ஸிகுவா, வடக்கே டெம்பி பள்ளத்தாக்கின் ஊற்றில் வாழ்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்ன இடம், அதைத் தாண்டி இல்லை.

சிக்கல் 20ஆம் நூற்றாண்டில் சிமெண்ட்டும் இரும்புக் குழாயும் வந்தபோது பெரிதானது. வீட்டுக்கு வீடு குழாய் வேண்டும் என்று ஊர் கேட்டதில் தப்பே இல்லை. மலைச்சரிவில் குடம் சுமந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். அந்தச் சுமை இறங்கியது பெரிய நன்மை. ஆனால் வேலை செய்த விதம் நத்தைக்கு வாழ இடம் விடவில்லை. ஊற்று வாயைத் தோண்டி, சுற்றிலும் காங்கிரீட் பெட்டி கட்டி, இரும்புக் கதவு போட்டு, வரும் தண்ணீர் அத்தனையையும் குழாய்க்குள் திருப்பிவிட்டார்கள். வெளியே வழிய ஒரு சொட்டு மிஞ்சவில்லை. வெளிச்சம் இல்லாததால் பாசி போனது. கூழாங்கல் ஓடை காய்ந்தது. நத்தை பெருகிய இடம் ஒரு வேனிற்காலத்திலேயே இல்லாமல் போயிருக்கலாம். அங்கு மட்டுமே அந்த இனம் இருந்திருந்தால் அன்றோடு அது உலகத்திலேயே இல்லை.

இதை ஊகமாகச் சொல்லவில்லை. செர்பிய விலங்கியலாளர் பாவ்லே ராடோமான் பால்கன் நாடுகளில் ஊற்று ஊற்றாகத் தேடி இந்த நத்தைகளின் வகைப்பாட்டையே புதிதாக எழுதினார். டாஃப்னியோலா, இஸ்லாமியா என்ற பேரினங்களுக்கு 1973இல் பெயர் வைத்தவர் அவர்தான். ஜெர்மானியரான ஹார்ட்விக் ஷூட் 1980இல் கிரேக்க ஊற்று நத்தைகள் பற்றி விரிவாக எழுதினார். பிறகு ஃபல்னியோவ்ஸ்கியும் ஷரோவ்ஸ்காவும் கிரீஸின் ஊற்றுகளுக்கு நேரில் போய், அழிந்துபோன நத்தை வாழிடங்களையும் அழியும் நிலையில் உள்ளவற்றையும் பற்றி 2004இல் தனியாக ஒரு கட்டுரையே எழுத வேண்டியிருந்தது. ஓர் இனத்தை முதன்முதலில் கண்டெடுத்த இடம் அறிவியலில் மூலப்பிரதி போல முக்கியமானது. அந்த இடமே இல்லாமல் போவது, இனத்தை இழப்பதற்கு அடுத்த பெரிய இழப்பு.

ஆகஸ்ட் கணக்கு

மத்தியதரைக் கடல் வானிலையின் ஒரு குணத்தைப் புரிந்துகொண்டால் மீதி எளிது. அங்கே மழை குளிர்காலத்தில், வறட்சி கோடையில். ஜூன் முதல் செப்டம்பர் வரை பல இடங்களில் மழையே இருக்காது. ஊற்றின் ஓட்டம் கோடை முடிவில்தான் மிகக் குறைவு.

ஊரில் ஆள் மிக அதிகம் இருப்பதும் அப்போதுதான். மலைக் கிராமங்களிலிருந்து இளையவர்கள் 1950களிலிருந்தே ஏதென்ஸுக்கும் ஜெர்மனிக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போய்விட்டார்கள். குளிர்காலத்தில் சில வயதானவர்களும் ஒரு காபிக்கடையும்தான். ஆகஸ்ட் 15 மாதாவின் திருநாளுக்கு எல்லோரும் பிள்ளை குட்டிகளோடு திரும்பி வருவார்கள். மூடிக்கிடந்த வீடுகள் திறக்கும், சதுக்கத்தில் விருந்தும் ஆட்டமும் நடக்கும். தோட்டங்களுக்கும் ஆலிவ் மரங்களுக்கும் தண்ணீர் தேவைப்படுவதும் அதே வாரங்களில். ஊற்று மெலிந்திருக்கும் நேரத்தில் தேவை உச்சத்துக்குப் போகிறது.

நத்தைக்கு ஆண்டு முழுதும் நிறையத் தண்ணீர் வேண்டும் என்றில்லை. ஆனால் எந்த நாளும் முழுசாக வற்றக் கூடாது. பதினோரு மாதம் நன்றாக ஓடிவிட்டு ஒரு மாதம் ஈரமில்லாமல் காய்ந்தால், ஓராண்டே வாழும் உயிருக்கு அந்தப் பதினோரு மாதத்தால் பயனில்லை. நீர்ப் பங்கீட்டுக் கணக்கு போடுபவர்கள் ஆண்டுச் சராசரியைப் பார்க்கிறார்கள். இங்கே பார்க்க வேண்டியது ஆண்டின் மிக மோசமான வாரத்தை.

ஊற்றைத் தொடாமலே அதை வற்ற வைக்கவும் முடியும். மலையடிவாரச் சமவெளியில் ஆழ்துளைக் கிணறுகள் பெருகினால் நிலத்தடி நீர்மட்டம் இறங்கும். மேலே ஊற்று வாய் காய்ந்து நிற்கும். கார்ஸ்ட் பாறை தண்ணீரை மண்போல வடிகட்டுவதுமில்லை. மேட்டில் கொட்டிய உரமும் பூச்சிமருந்தும் கழிவுநீரும் சில நாளில், சில சமயம் சில மணி நேரத்தில், ஊற்றில் வந்து நிற்கலாம். காட்டுத்தீக்குப் பிறகு முதல் மழை சாம்பலையும் மண்ணையும் அடித்து வந்து கூழாங்கல் இடுக்குகளை அடைத்துவிடும். 2007இல் தெற்கு கிரீஸின் பெலோபொனீஸிலும் 2021இல் எவியா தீவிலும் எரிந்த காடுகளை நினைத்தால் இது எவ்வளவு பெரிய பரப்பில் நடக்கக்கூடியது என்று தெரியும்.

பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் ஐரோப்பாவின் நத்தைகள், சிப்பிகளின் நிலையை மதிப்பிட்டு 2011இல் வெளியிட்ட பட்டியலில், நன்னீர் இனங்களில் சுமார் 44 சதவீதம் அழியும் ஆபத்தில் இருந்தன. பறவைகளையும் பாலூட்டிகளையும் விட மிக மோசமான நிலை. ஓநாய்க்கும் கரடிக்கும் குரல் கொடுக்க ஐரோப்பாவில் நிறையப் பேர் இருக்கிறார்கள், கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் அந்த ஓநாய் ஸ்பெயினிலும் இருக்கிறது, சைபீரியாவிலும் இருக்கிறது. எப்தாலோஃபோஸ் நத்தைக்கு அந்த வசதி இல்லை.

ஊர் காலியானால் ஊற்றுக்கு நல்லது என்று சிலர் நினைப்பதுண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. ஆள் போனாலும் ஐம்பது ஆண்டுக்கு முந்தைய காங்கிரீட் பெட்டி போவதில்லை. குழாய் எங்கோ உடைந்து தண்ணீர் வீணாகப் போகும், யாரும் வந்து பார்க்க மாட்டார்கள். அதைவிட, எந்த ஆண்டில் எந்த ஊற்று மெலிந்தது, பெருவறட்சியிலும் எது நிற்காமல் ஓடியது என்று சொல்லக்கூடியவர்கள் அந்த வயதானவர்கள்தான். ஆய்வாளர் ஒருவர் புதிய ஊருக்குப் போனால் வரைபடத்தைப் பார்ப்பதோடு நிற்காமல் காபிக்கடையிலும் விசாரிப்பது இதனால்தான்.

ஒரே மாதிரி இருக்கிறதே?

இந்த நத்தைகளைப் பிரித்தறிவது கடினம். ஓட்டை மட்டும் பார்த்தால் பல இனங்கள் ஒன்றுபோலவே தெரியும். அதே சமயம் ஒரே இனத்தில் ஒன்று குட்டையாகவும் மற்றொன்று நீளமாகவும் இருக்கும். அதனால் நுண்ணோக்கியின் கீழ் மில்லிமீட்டர் உடலைத் திறந்து, ஆண் நத்தையின் இனப்பெருக்க உறுப்பின் வடிவம், பெண்ணின் உட்பைகளின் அமைப்பு, நாக்குப் பற்களின் எண்ணிக்கை எல்லாம் பார்க்க வேண்டும். இப்போது டிஎன்ஏ சோதனையும் சேர்ந்திருக்கிறது. ஸ்பெயினின் தெற்கு மலை ஊற்றுகளில் இருந்த ஒரு நத்தையை ஒரே இனம் என்றுதான் வெகுநாள் எண்ணியிருந்தார்கள். டயானா டெலிகாடோ, மரியான் ராமோஸ் இருவரும் உடலமைப்பையும் டிஎன்ஏவையும் சேர்த்துப் பார்த்து, அதற்குள் வேறு இனங்களும் ஒளிந்திருப்பதை 2012இல் காட்டினார்கள்.

இதன் விளைவு பாதுகாப்பில் உடனே தெரியும். ஒரு மலைத்தொடர் முழுதும் பரவிய ஒரே இனம் என்றால் ஓர் ஊற்று போனாலும் மற்றவை மிஞ்சும். தனித்தனி இனங்கள் என்றால் அந்த ஓர் ஊற்றுக்கு மாற்றே கிடையாது.

நியூசிலாந்திலிருந்து வந்த விருந்தாளி

ஊற்றில் குட்டி நத்தை இருக்கிறது என்றதும் சந்தோஷப்பட்டுவிடவும் கூடாது. அது பொட்டமோபைர்கஸ் ஆன்டிபோடாரம் ஆகவும் இருக்கலாம். நியூசிலாந்தைச் சேர்ந்த இது 19ஆம் நூற்றாண்டில் கப்பல் வழியாக ஐரோப்பா வந்து கண்டம் முழுதும் பரவியது. வளர்ந்தால் 5, 6 மில்லிமீட்டர். ஐரோப்பாவில் பரவியவை ஏறக்குறைய எல்லாமே பெண்கள். ஆண் துணையில்லாமல் தன் நகலையே குட்டியாக ஈனும். ஒரே ஒரு நத்தை போய்ச் சேர்ந்தால் போதும், ஒரு கூட்டம் உருவாகிவிடும். ஈரமான காலணியில், மீன்பிடி வலையில் ஒட்டிப் பயணம் செய்யும். மீன் விழுங்கினாலும் சில சமயம் உயிரோடு வெளியே வந்துவிடும். நகரவே முடியாமல் ஓரிடவாழ்வி ஆன உள்ளூர் நத்தைக்கு நேர் எதிரான உயிர் இது, ஆனால் தின்பது அதே கல்லின் அதே படலத்தை.

ஊற்றைக் கட்டுவதற்கு வேறு வழி

ஊருக்குத் தண்ணீர் வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. நல்ல செய்தி என்னவென்றால் இந்த உயிருக்குத் தேவை மிகக் கொஞ்சம். பெரிய வனச் சரணாலயம் வேண்டாம், கோடிக்கணக்கில் நிதி வேண்டாம்.

ஊற்று வாய் முழுவதையும் பெட்டிக்குள் அடைக்காமல் ஒரு பகுதியில் மட்டும் குழாய் வைக்கலாம். அல்லது தொட்டி நிரம்பியபின் வழியும் நீரைச் சாக்கடைக்கு விடாமல், ஊற்றுக்கு அருகிலேயே பழைய கூழாங்கல் தடத்தில் விடலாம். ஆகஸ்ட் மாதத்திலும் ஒரு மெல்லிய ஓட்டம் அங்கே போய்க்கொண்டிருக்கும்படி குழாயின் உயரத்தை வைப்பது கொத்தனாருக்கு அரை நாள் வேலை. ஆடுமாடுகள் ஊற்று வாயை மிதித்துக் கலக்காமல் தொட்டியைக் கொஞ்சம் கீழே தள்ளி அமைக்கலாம். ஊரின் சுகாதாரத்துக்கும் அதுவே நல்லது. திருநாளுக்கு முன் நீர்வாயைச் சுத்தம் செய்யும்போது ப்ளீச்சிங் பவுடரைத் தவிர்த்து வெறும் தூரிகையால் தேய்க்கலாம். சதுக்கத்துக் கல்லைத் தேய்க்கட்டும், அதற்குமேலே ஊற்றுத் தலையில் உள்ள பாசியையும் இலையையும் மட்டும் விட்டுவிட வேண்டும்.

இதில் கடினமான பகுதி, ஊருக்கு இப்படி ஒரு நத்தை இருப்பது தெரியவருவதுதான். ஆய்வுக் கட்டுரை ஆங்கிலத்தில் வருகிறது, பல்கலைக்கழகத்தில் படிக்கப்படுகிறது. குழாய் போடும் ஒப்பந்தக்காரருக்கும் ஊராட்சித் தலைவருக்கும் அது வந்து சேர்வதில்லை. ஊற்றுக்குப் பக்கத்தில் உள்ளூர் மொழியில் ஒரு சிறிய பலகை, பள்ளியில் ஒரு பூதக்கண்ணாடி, இவை போதும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இவை இல்லாமல் மற்றது எதுவும் நடக்காது. தங்கள் ஊற்று நீரின் ருசியைப் பற்றிப் பெருமை பேசாத மலைக் கிராமம் கிடையாது. அந்தப் பெருமையில் நத்தைக்கும் பங்கு கொடுக்க அவர்களுக்குச் சிரமம் இருக்காது என்றே நம்புகிறேன்.

நேரில் பார்க்க வாய்ப்பு கிடைத்தால்

அந்தப் பக்கம் வேலைக்கோ படிப்புக்கோ சுற்றுலாவுக்கோ போகிறவர்கள் ஒரு பத்து மடங்கு பெரிதாக்கும் கைக்கண்ணாடியை எடுத்துப் போங்கள். பெரிய சுற்றுலா அருவிகளைவிட, ஊருக்கு மேலே செடி மூடிக் கசியும் சின்ன ஊற்று நல்லது. நீரில் கிடக்கும் உள்ளங்கை அளவுக் கல் ஒன்றை மெதுவாக எடுத்து அடிப்பக்கம் பாருங்கள். முதலில் வெறும் மணல்துகள் போலத்தான் தெரியும். கொஞ்சம் பொறுத்தால் ஒரு துகள் நகரும். ஓட்டின் விளிம்பில் இரண்டு உணர்கொம்புகள் நீளும், அவற்றின் அடியில் இரண்டு கரும்புள்ளிக் கண்கள். ஊறிய இலையின் பின்பக்கமும் பாசித் தண்டுகளும் தேட நல்ல இடங்கள்.

எதையும் எடுத்து வராதீர்கள். பல நாடுகளில் அனுமதியின்றிச் சேகரிப்பது சட்டப்படி குற்றமும்கூட. கல்லை எடுத்த இடத்திலேயே, எந்தப் பக்கம் கீழே இருந்ததோ அந்தப் பக்கம் கீழே வரும்படி வையுங்கள்; முட்டைகள் அந்தப் பக்கம்தான் ஒட்டியிருக்கும். இரக்கப்பட்டு ஒரு நத்தையை இன்னொரு ஊற்றில் விடவே கூடாது. ஒரே நாளில் இரண்டு ஊற்றுகளைப் பார்ப்பதாக இருந்தால், நடுவில் காலணியைச் சுத்தமாகக் கழுவி நன்றாகக் காயவைத்த பிறகே அடுத்ததில் கால் வையுங்கள். காய நேரமில்லை என்றால் இரண்டாவது ஊற்றைக் கரையில் நின்று பார்த்தால் போதும். எடுக்கும் படத்தில் அளவு தெரிய ஒரு அளவுகோலைச் சேர்த்து, இடத்தையும் தேதியையும் குறித்து, ஐநேச்சுரலிஸ்ட் போன்ற, உயிரினங்களைப் பார்த்தவர்கள் படம் பகிரும் இணையதளத்தில் பதிவிடலாம். படத்தை வைத்து இனத்தைச் சொல்வது பெரும்பாலும் முடியாது. ஆனால் குறிப்பிட்ட ஆண்டின் ஆகஸ்டில் அந்த ஊற்றில் தண்ணீர் ஓடியதற்கும் நத்தை உயிரோடு இருந்ததற்கும் அது ஒரு சாட்சி, அடுத்து அங்கே போகும் ஆய்வாளருக்கு எங்கே தொடங்குவது என்று காட்டும்.